வெர்ச்சுவல் மெஷினுக்கு முன்னுரிமை அமைப்பது எப்படி?

மாலை ஐந்தரை மணி என்று வைத்துக் கொள்ளுங்கள். பல்லடம் ரோட்டில் ஒரு சிறிய எம்பிராய்டரி யூனிட். முடிந்த பீஸ்கள் பண்டல் கட்டி டெம்போவில் ஏற்றப்பட்டுவிட்டன. இ-வே பில் எடுத்துக் கொடுத்தால் வண்டி கிளம்பிவிடும். கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறக்கிறார்கள். வட்டம் சுற்றிக் கொண்டே இருக்கிறது. மவுஸ் கூட விட்டு விட்டுத்தான் நகர்கிறது.

எல்லோரும் முதலில் இன்டர்நெட்டைத்தான் திட்டுவார்கள். மோடத்தை அணைத்துப் போடுவார்கள். ஆனால் கோளாறு அங்கே இல்லை. அதே கம்ப்யூட்டரில் இன்னொரு ஜன்னலில் பழைய விண்டோஸ் எக்ஸ்பி ஓடிக் கொண்டிருக்கிறது. அதற்குள் பஞ்சிங் சாப்ட்வேர் நாளைக்கான டிசைனைக் கணக்குப் போட்டுக் கொண்டிருக்கிறது. நாளை வரை காத்திருக்கக்கூடிய வேலை, இந்த நிமிடமே முடிய வேண்டிய வேலையை மறித்து நிற்கிறது. கம்ப்யூட்டரிடம் எது அவசரம் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் அது இரண்டையும் ஒன்றாகவே பார்க்கிறது.

எது அவசரம் என்று சொல்வதற்கு ஒரு வழி இருக்கிறது. அதற்கு ப்ரயாரிட்டி, அதாவது முன்னுரிமை என்று பெயர். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களும் செய்யக்கூடிய எளிய வேலைதான். ஆனால் தவறாகச் செய்தால் கம்ப்யூட்டரே உறைந்து நின்றுவிடும். எனவே விவரம் தெரிந்து கொண்டு செய்வோம்.

கம்ப்யூட்டருக்குள் ஒரு கம்ப்யூட்டர்

வெர்ச்சுவல் மெஷின் என்பது சாப்ட்வேரால் உருவாக்கப்பட்ட கம்ப்யூட்டர். அதற்கென்று தனி பெட்டி கிடையாது. உங்கள் கம்ப்யூட்டரின் ப்ராசசர், மெமரி, ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றில் ஒரு பங்கை எடுத்துக் கொண்டு, ஒரு ஜன்னலுக்குள் முழுக் கம்ப்யூட்டர் போலவே நடந்து கொள்ளும். அதில் வேறு ஆபரேட்டிங் சிஸ்டத்தை நிறுவலாம். உண்மையான கம்ப்யூட்டரை ஹோஸ்ட் என்றும், உள்ளே ஓடுவதை கெஸ்ட் என்றும் சொல்வார்கள். ஹோஸ்ட் வீட்டுக்காரர், கெஸ்ட் விருந்தாளி.

இது புதிய சங்கதி அல்ல. 1972-ல் ஐபிஎம் நிறுவனம் தன் பெரிய கம்ப்யூட்டர்களுக்காக விஎம்/370 என்ற சிஸ்டத்தை வெளியிட்டது. ஒரே இயந்திரத்தில் பலருக்கும் ஆளுக்கொரு வெர்ச்சுவல் மெஷின் கொடுக்கும் ஏற்பாடு அது. இவற்றில் எதற்கு முதலிடம் என்று தீர்மானிக்கும் கட்டளைகளும் அதில் இருந்தன. சாதாரண மேசைக் கம்ப்யூட்டருக்கு இந்த வசதியை 1999-ல் விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் கொண்டு வந்தது. வெர்ச்சுவல்பாக்ஸ் 2007-ல் வந்தது.

திருப்பூரில் இதற்கு என்ன வேலை? பனியன் தொழிலில் பல வருடங்களுக்கு முன் வாங்கிய எம்பிராய்டரி பஞ்சிங் சாப்ட்வேர், பேட்டர்ன் போடும் சாப்ட்வேர், ஜிஎஸ்டிக்கு முந்தைய கணக்குகள் வைத்திருந்த சாப்ட்வேர் ஆகியவற்றில் சில விண்டோஸ் எக்ஸ்பியில்தான் ஒழுங்காக ஓடும். புதிய பதிப்பு வாங்குவது பெரிய செலவு. ஆனால் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் தரும் ஆதரவு 2014 ஏப்ரல் 8-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-லும் முடிந்தது. இன்று வாங்கும் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 தான் வரும். எனவே புதிய கம்ப்யூட்டரில் ஒரு வெர்ச்சுவல் மெஷின் உருவாக்கி, அதில் எக்ஸ்பியை வைத்து, பழைய சாப்ட்வேரைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். எக்ஸ்பிக்கு உங்களிடம் முறையான லைசென்ஸ் இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

ப்ராசசர் எப்படி வேலையைப் பங்கிடுகிறது?

ஒரு காம்பாக்டிங் பட்டறையை நினைத்துக் கொள்ளுங்கள். சாயம் போட்டு வந்த துணி பல கம்பெனிகளில் இருந்து லாட் லாட்டாக வந்து இறங்குகிறது. இருப்பதோ இரண்டு மெஷின்கள். எந்த லாட் முதலில் ஏற வேண்டும் என்று சூப்பர்வைசர் தீர்மானிக்கிறார். எல்லா லாட்டும் சம அவசரம் என்றால் வந்த வரிசையில் ஏற்றுவார். ஒன்று ஷிப்மென்ட் அவசரம் என்றால் அதை முன்னால் தள்ளுவார்.

கம்ப்யூட்டரில் மெஷின்கள்தான் ப்ராசசரின் கோர்கள். லாட்டுகள்தான் ஓடும் புரோகிராம்கள். சூப்பர்வைசர் விண்டோஸ். ஒரே முன்னுரிமை உள்ள புரோகிராம்களுக்கு, விநாடியில் மிகச் சிறிய பங்கு நேரத்தை மாற்றி மாற்றித் தருகிறது. நீங்கள் பார்த்துக் கொண்டிருக்கும் ஜன்னலுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் தரும். ஆனால் முன்னுரிமை வேறுபட்டால் கதை வேறு. மேல் படியில் உள்ள புரோகிராமுக்கு வேலை இருக்கும் வரை, அந்தக் கோரில் கீழ்ப் படியில் உள்ளது காத்திருக்க வேண்டியதுதான். 60-க்கு 40 என்று பங்கு பிரித்துத் தராது. இந்த ஒரு விஷயத்தைப் புரிந்து கொண்டால் பாதி வேலை முடிந்தது.

வெர்ச்சுவல் மெஷினில் இன்னொரு சங்கதி உண்டு. உள்ளே எக்ஸ்பியில் பத்து புரோகிராம்கள் ஓடினாலும், வெளியே ஹோஸ்ட் விண்டோஸுக்கு அவை தெரியாது. அதன் கண்ணுக்கு வெர்ச்சுவல் மெஷின் மொத்தமும் ஒரே ஒரு ப்ராசஸ். ஒரு லாட்டுக்குள் எந்த சைஸ் ரோல் முதலில் என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். ஆனால் பட்டறைக்காரருக்கு அது ஒரே லாட் தானே! அதனால் எக்ஸ்பியின் உள்ளே போய் முன்னுரிமையை மாற்றினால், உள்ளே இருக்கும் புரோகிராம்களுக்கு இடையில் மட்டும்தான் மாற்றம் தெரியும். பிரவுசர் திறக்காத பிரச்சினை அதனால் தீராது. மாற்ற வேண்டியது வெளியே, ஹோஸ்டில்.

ஆறு படிகள்

விண்டோஸில் 0 முதல் 31 வரை முன்னுரிமை எண்கள் உள்ளன. நாம் எண்ணைத் தர வேண்டியதில்லை. ஆறு பெயர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஒவ்வொன்றுக்கும் உள்ள அடிப்படை எண்ணையும் தந்திருக்கிறோம்.

ரியல்டைம் – 24
ஹை – 13
அபவ் நார்மல் – 10
நார்மல் – 8
பிலோ நார்மல் – 6
லோ – 4

நீங்கள் எதையும் மாற்றாவிட்டால் பெரும்பாலான புரோகிராம்கள் நார்மலில்தான் ஓடும். வெர்ச்சுவல் மெஷினும் அப்படித்தான். பிரவுசரும் நார்மல், பஞ்சிங்கும் நார்மல். அதனால்தான் இரண்டும் முட்டிக் கொள்கின்றன.

முதலில் பார்க்க வேண்டியது

முன்னுரிமையை மாற்றும் முன் பிரச்சினை ப்ராசசரில்தானா என்று பாருங்கள். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் "பெர்ஃபார்மன்ஸ்" என்ற பகுதிக்குச் செல்லுங்கள். சிபியு, மெமரி, டிஸ்க் என்று மூன்று வரைபடங்கள் இருக்கும். கம்ப்யூட்டர் திணறும் நேரத்தில் இவற்றைக் கவனியுங்கள்.

சிபியு 100 சதவீதத்தை ஒட்டியே நின்றால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால் முன்னுரிமை உதவாது. வெர்ச்சுவல் மெஷினுக்குத் தேவைக்கு மேல் மெமரி கொடுத்திருக்கிறீர்கள், அல்லது கம்ப்யூட்டரில் மெமரி போதவில்லை. எக்ஸ்பிக்கு 512 எம்பி முதல் 1 ஜிபி வரை கொடுத்தால் பெரும்பாலான பழைய வேலைகளுக்குப் போதும்.

டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றாலும் முன்னுரிமை உதவாது. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள கம்ப்யூட்டர்களில் இது சகஜம். எஸ்எஸ்டி மாற்றுவதுதான் மருந்து.

வெர்ச்சுவல்பாக்ஸ் பயன்படுத்துவோர் இன்னொன்றையும் பாருங்கள். வெர்ச்சுவல் மெஷின் ஜன்னலின் கீழ் ஓரத்தில் பச்சை நிற ஆமைப் படம் தெரிகிறதா? விண்டோஸின் ஹைப்பர்-வி வசதியின் மேல் வெர்ச்சுவல்பாக்ஸ் ஓடுகிறது என்பதற்கு அது அடையாளம். அந்த நிலையில் வெர்ச்சுவல் மெஷின் மெதுவாகத்தான் ஓடும். முன்னுரிமையைக் கூட்டி அந்த வேகத்தை மீட்க முடியாது.

எத்தனை கோர் கொடுத்திருக்கிறீர்கள்?

முன்னுரிமைக்கு முன் செய்ய வேண்டிய இன்னொரு வேலை இது. பலரும் வேகமாக ஓடட்டும் என்று நினைத்து, இருக்கும் கோர்கள் அத்தனையையும் வெர்ச்சுவல் மெஷினுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய இரண்டு கோர் கம்ப்யூட்டரில் இரண்டையும் கொடுத்தால் என்ன ஆகும்? பட்டறையின் இரண்டு மெஷினிலும் ஒரே கம்பெனி லாட் ஏறிக் கொள்ளும். மற்றவர்கள் வாசலில் நிற்க வேண்டும்.

எக்ஸ்பி காலத்து சாப்ட்வேர்களில் பல ஒரு கோரை மட்டுமே பயன்படுத்தும். எனவே எக்ஸ்பி மெஷினுக்கு ஒரு கோர் போதும். வெர்ச்சுவல்பாக்ஸில் மாற்றும் முறை:

1. கெஸ்ட் விண்டோஸை முறைப்படி ஷட் டவுன் செய்யுங்கள்.
2. வெர்ச்சுவல்பாக்ஸ் மேனேஜரில் அந்த மெஷினின் பெயரைத் தேர்ந்தெடுத்து "செட்டிங்ஸ்" பட்டனைக் கிளிக் செய்யுங்கள்.
3. "சிஸ்டம்" என்பதில் "ப்ராசசர்" டேபுக்குச் செல்லுங்கள்.
4. "ப்ராசசர்ஸ்" என்று உள்ள இடத்தில் 1 என்று வையுங்கள். ஓகே கொடுங்கள்.

நான்கு கோர் உள்ள கம்ப்யூட்டர் என்றால், இதைச் செய்ததுமே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். பஞ்சிங் ஒரு கோரில் ஓடட்டும். மற்ற மூன்றும் உங்களுக்கு.

டாஸ்க் மேனேஜரில் முன்னுரிமையை மாற்றும் முறை

இப்போது விஷயத்திற்கு வருவோம்.

1. வெர்ச்சுவல் மெஷினை இயக்குங்கள். எக்ஸ்பி முழுமையாகத் திறக்கட்டும்.
2. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். விண்டோஸ் 10-ல் சிறிய ஜன்னலாகத் திறந்தால் "மோர் டீடெய்ல்ஸ்" என்பதைக் கிளிக் செய்யுங்கள்.
3. "டீடெய்ல்ஸ்" பகுதிக்குச் செல்லுங்கள். ஓடும் ப்ராசஸ்களின் பட்டியல் தெரியும்.
4. விஎம்வேர் என்றால் "விஎம்வேர்-விஎம்எக்ஸ்" என்ற பெயரைத் தேடுங்கள். வெர்ச்சுவல்பாக்ஸ் என்றால் "வெர்ச்சுவல்பாக்ஸ்விஎம்" என்ற பெயர். ஒரே பெயரில் இரண்டு மூன்று இருந்தால், அதிக மெமரி எடுத்துக் கொண்டிருப்பதுதான் உண்மையான மெஷின்.
5. அதன் மேல் மவுஸின் வலது பட்டனைக் கிளிக் செய்யுங்கள். மெனுவில் "செட் ப்ரயாரிட்டி" என்பதற்குச் செல்லுங்கள். மேலே சொன்ன ஆறு படிகளும் தெரியும்.
6. "பிலோ நார்மல்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். மாற்றலாமா என்று ஒரு கேள்வி வரும். "சேஞ்ச் ப்ரயாரிட்டி" பட்டனைக் கிளிக் செய்யுங்கள்.

அவ்வளவுதான். இனி பிரவுசரும் பஞ்சிங்கும் ஒரே கோருக்குப் போட்டியிட்டால் பிரவுசருக்கு வழி கிடைக்கும். பிரவுசர் சும்மா இருக்கும் நேரம் முழுவதும் பஞ்சிங்குக்கே கிடைக்கும். மனிதர்கள் பாரத்தில் நம்பரை டைப் செய்வதற்குள் ப்ராசசருக்கு எத்தனையோ ஓய்வு நேரம் கிடைக்கிறது. அதனால் பஞ்சிங் வேலை நின்றுவிடாது. சற்று தாமதமாக முடியும்.

ஏன் "லோ" வேண்டாம்? அதுவரை இறக்கினால், ஹோஸ்டில் ஆன்டிவைரஸ் ஸ்கேன் போன்ற கனமான வேலை ஓடும்போது வெர்ச்சுவல் மெஷின் பட்டினி கிடக்கும். உள்ளே கிளிக் செய்தால் பதில் வர நேரமாகும். பிலோ நார்மல் போதும்.

இரண்டு விஷயங்களை நினைவில் வையுங்கள். டாஸ்க் மேனேஜரில் செய்யும் மாற்றம் அந்த ப்ராசஸ் மூடும் வரைதான் இருக்கும். அடுத்த முறை மெஷினை இயக்கினால் மறுபடி நார்மலில்தான் ஆரம்பிக்கும். இரண்டாவது, வெர்ச்சுவல்பாக்ஸ் தன் ப்ராசஸை வெளியார் தொடாதபடி பாதுகாத்து வைக்கிறது. அதனால் மாற்ற முயலும்போது "ஆக்சஸ் டினைடு" என்று மறுப்பு வரலாம். பயப்பட வேண்டாம், கம்ப்யூட்டரில் கோளாறு இல்லை. அதற்கு வேறு வழி இருக்கிறது.

வெர்ச்சுவல்பாக்ஸில் நிரந்தரமாக அமைக்க

முன்பு போன அதே "சிஸ்டம்", "ப்ராசசர்" இடத்தில் "எக்ஸிக்யூஷன் கேப்" என்று ஒரு நகர்த்தும் பட்டை இருக்கும். அது 100 சதவீதத்தில் நிற்கும். 7.1 பதிப்பு முதல் செட்டிங்ஸில் "பேசிக்", "எக்ஸ்பர்ட்" என்று இரு வகை உண்டு. பேசிக்கில் இந்தப் பட்டை தெரியாவிட்டால் எக்ஸ்பர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள்.

இதை 70 என்று வைத்தால், வெர்ச்சுவல் மெஷினுக்குக் கொடுத்த கோரில் 70 சதவீத நேரத்துக்கு மேல் அது எடுக்காது. கவனியுங்கள், இது முன்னுரிமை அல்ல, உச்ச வரம்பு. முன்னுரிமை என்றால் மற்றவர் யாரும் கேட்காதபோது முழு நேரமும் கிடைக்கும். வரம்பு என்றால் கம்ப்யூட்டர் சும்மா இருந்தாலும் 70-க்கு மேல் கிடைக்காது. இரவில் யாரும் இல்லாத நேரத்திலும் பஞ்சிங் மெதுவாகத்தான் ஓடும். மிகவும் குறைத்தால் கெஸ்டின் கடிகாரம் தடுமாறக்கூடும் என்று வெர்ச்சுவல்பாக்ஸ் கையேடே எச்சரிக்கிறது. எனவே 50-க்குக் கீழே இறக்காமல் இருப்பது நல்லது.

உண்மையான முன்னுரிமையையும் வெர்ச்சுவல்பாக்ஸிலேயே நிரந்தரமாக அமைக்கலாம். அதனுடன் வரும் "விபாக்ஸ்மேனேஜ்" என்ற கட்டளையின் "மாடிஃபைவிஎம்" பிரிவில் "விஎம் ப்ராசஸ் ப்ரயாரிட்டி" என்ற தேர்வு உள்ளது. அதில் "லோ", "நார்மல்", "ஹை" என்று கொடுக்கலாம். கமாண்ட் ப்ராம்ப்டில் டைப் செய்து பழகியவர்கள் இதை முயலலாம். புதியவர்கள் கோர் எண்ணிக்கையைக் குறைப்பதோடும் எக்ஸிக்யூஷன் கேப்போடும் நிறுத்திக் கொள்ளலாம்.

விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷனில்

இதில் வேலை இன்னும் சுலபம். "எடிட்" மெனுவில் "ப்ரிஃபரன்சஸ்" சென்று "ப்ரயாரிட்டி" என்பதைக் கிளிக் செய்யுங்கள். இரண்டு கட்டங்கள் இருக்கும்.

"இன்புட் கிராப்டு": கீபோர்டும் மவுஸும் வெர்ச்சுவல் மெஷினுக்குள் இருக்கும்போது என்ன முன்னுரிமை என்பது. இதை நார்மலில் வையுங்கள்.

"இன்புட் அன்கிராப்டு": நீங்கள் வெளியே வந்து வேறு வேலை பார்க்கும்போது என்ன முன்னுரிமை என்பது. இதை லோ என்று வையுங்கள்.

எவ்வளவு வசதி பாருங்கள்! டிசைனில் கை வைத்திருக்கும்போது அதற்கு முழு மரியாதை. கன்ட்ரோல், ஆல்ட் கீகளை அழுத்தி வெளியே வந்து இ-வே பில் எடுக்கும்போது அது தானாகவே பின்னால் போய் நின்று கொள்ளும். ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டியதில்லை. லோ வைத்தபின் பின்னணி வேலை மிகவும் இழுத்தால் மறுபடி நார்மலுக்கு மாற்றிவிடுங்கள். ஒரு குறிப்பிட்ட மெஷினுக்கு மட்டும் அமைக்க வேண்டுமானால், அந்த மெஷினின் செட்டிங்ஸில் "ஆப்ஷன்ஸ்", "அட்வான்ஸ்டு" என்ற இடத்தில் இதே கட்டங்கள் இருக்கும்.

விஎம்வேர் நிறுவனத்தை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கியது. 2024 நவம்பர் முதல் ஒர்க்ஸ்டேஷன் ப்ரோ தொழில் நிறுவனங்களுக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. வெர்ச்சுவல்பாக்ஸின் அடிப்படை சாப்ட்வேர் எல்லோருக்கும் இலவசம். ஆனால் அதன் கூடுதல் இணைப்பான "எக்ஸ்டென்ஷன் பேக்" சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசம். கம்பெனியில் அதை நிறுவினால் லைசென்ஸ் வாங்க வேண்டும். முன்பெல்லாம் யுஎஸ்பி டாங்கிளை யுஎஸ்பி 2 வேகத்தில் இணைக்க அது தேவைப்பட்டது. 2022-ல் வந்த 7.0 பதிப்பிலிருந்து அந்த வசதி அடிப்படை சாப்ட்வேரிலேயே சேர்ந்துவிட்டது. எனவே டாங்கிளுக்காக மட்டும் அதை நிறுவ வேண்டியதில்லை.

செய்யக் கூடாதவை

"பஞ்சிங் சீக்கிரம் முடியட்டும், ஹை வைத்துவிடுகிறேன்" என்று தோன்றும். செய்யாதீர்கள். வெர்ச்சுவல் மெஷினை ஹை ஆக்கினால் பிரவுசர், ஆபீஸ், ஆன்டிவைரஸ் என எல்லா நார்மல் புரோகிராம்களும் அதன் பின்னால் நிற்க வேண்டும். கோர்கள் அனைத்தையும் அதற்குக் கொடுத்திருந்தால் கம்ப்யூட்டர் உறைந்தது போல் ஆகிவிடும். நெடுநேரம் வாய்ப்புக் கிடைக்காமல் காத்திருக்கும் புரோகிராமை, சுமார் 4 விநாடிக்குப் பின் விண்டோஸ் சற்று நேரம் மேலே தூக்கிவிடும். அந்த தயவில்தான் அவ்வப்போது மவுஸாவது நகரும்.

ரியல்டைம் பக்கம் போகவே வேண்டாம். விண்டோஸின் சொந்த முக்கிய வேலைகளையே அது முந்திவிடும். கீபோர்டும் மவுஸும் வேலை செய்யாமல் பவர் பட்டனை அழுத்தி அணைக்க வேண்டிய நிலை வரலாம். அப்படித் திடீரென்று அணைத்தால் வெர்ச்சுவல் மெஷினின் டிஸ்க் பைல் கெட்டுப் போகவும் வாய்ப்பு உண்டு. பல வருட டிசைன்கள் எல்லாம் அந்த ஒரே பைலில்தானே இருக்கின்றன!

சரி, உண்மையிலேயே பஞ்சிங்தான் அவசரம், ஹோஸ்டில் பேக்கப் ஓடிக் கொண்டிருக்கிறது என்றால் என்ன செய்வது? அப்போதும் வெர்ச்சுவல் மெஷினைத் தூக்காதீர்கள். டாஸ்க் மேனேஜரில் அந்த பேக்கப் புரோகிராமை பிலோ நார்மலுக்கு இறக்குங்கள். பலன் அதேதான், ஆபத்து இல்லை. காம்பாக்டிங் சூப்பர்வைசரும் இதைத்தான் செய்கிறார். ஒரு லாட்டை அவசரம் என்று கத்துவதைவிட, நாளைக்குப் போனால் போதும் என்கிற லாட்டை ஓரமாக வைப்பது எல்லோருக்கும் நல்லது.

விதி ஒன்றே: அவசரமானதை உயர்த்தாதீர்கள், காத்திருக்கக் கூடியதை இறக்குங்கள்.

சோதித்துப் பாருங்கள்

மாற்றம் வேலை செய்கிறதா என்று ஷிப்மென்ட் நாளில் தெரிந்து கொள்ள வேண்டாம். ஒரு ஓய்வான மதியம் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

1. வெர்ச்சுவல் மெஷினுக்குள் ஒரு பெரிய போல்டரை ஜிப் செய்யக் கொடுங்கள். ப்ராசசருக்கு நல்ல வேலை.
2. அது ஓடும்போதே ஹோஸ்டில் பிரவுசரைத் திறந்து, நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் பக்கம் வர எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரம் பார்த்துக் குறித்துக் கொள்ளுங்கள். ஜிப் முடிய ஆன நேரத்தையும் குறியுங்கள்.
3. பிரவுசரை மூடுங்கள். மெஷினை பிலோ நார்மலுக்கு இறக்கி, அதே போல்டர், அதே பக்கம் என்று மறுபடி செய்யுங்கள்.
4. இரண்டு நேரங்களையும் ஒப்பிடுங்கள்.

பக்கம் திறக்கும் நேரம் குறைந்து, ஜிப் நேரம் சற்றே கூடியிருந்தால் சரியாக அமைத்திருக்கிறீர்கள். எதுவும் மாறவில்லை என்றால் உங்கள் கம்ப்யூட்டரில் நெரிசல் ப்ராசசரில் இல்லை. மெமரியையும் டிஸ்க்கையும் பாருங்கள்.

புதிய ப்ராசசர்களில் ஒரு சிறு குழப்பம் வரலாம். 2021 இறுதியில் வந்த இன்டெல் 12-ஆம் தலைமுறை முதல் பல ப்ராசசர்களில் வேகமான கோர்களும் சிக்கனமான கோர்களும் கலந்திருக்கின்றன. வெர்ச்சுவல் மெஷின் ஜன்னலை மினிமைஸ் செய்தால், விண்டோஸ் அதைப் பின்னணி வேலை என்று நினைத்து சிக்கனமான கோர்களுக்கு அனுப்பிவிடலாம். "மினிமைஸ் செய்தால் மட்டும் மெதுவாகிறது" என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். சோதனையின்போது ஜன்னலை மினிமைஸ் செய்யாமல் ஓரமாக வைத்துப் பாருங்கள்.

பாதுகாப்பு

எக்ஸ்பிக்கு இப்போது பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. 2017 மே மாதம் வான்னாகிரை என்ற ரான்சம்வேர் உலகெங்கும் பரவியபோது, எக்ஸ்பிக்கும் விதிவிலக்காக ஒரு திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் வெளியிட வேண்டியிருந்தது. எனவே எக்ஸ்பி மெஷினுக்கு இன்டர்நெட் கொடுக்காதீர்கள். வெர்ச்சுவல்பாக்ஸ் செட்டிங்ஸில் "நெட்வொர்க்" பகுதிக்குச் சென்று "எனேபிள் நெட்வொர்க் அடாப்டர்" என்பதில் உள்ள டிக் குறியை எடுத்துவிடுங்கள். டிசைன் பைல்களை எம்பிராய்டரி மெஷினுக்குக் கொண்டு போகும் பென் டிரைவையே இங்கும் பயன்படுத்தலாம். ஆனால் முதலில் ஹோஸ்டில் உள்ள ஆன்டிவைரஸில் ஸ்கேன் செய்துவிட்டு உள்ளே விடுங்கள்.

வாரம் ஒருமுறை கெஸ்டை ஷட் டவுன் செய்து, அந்த மெஷினின் போல்டர் முழுவதையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்து வையுங்கள். ஹோஸ்ட் கம்ப்யூட்டர் பழுதானாலும், இன்னொரு கம்ப்யூட்டரில் அதைத் திறந்து வேலையைத் தொடரலாம்.

இன்று மாலை வேலை முடிந்தபின் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து நெரிசல் எங்கே என்று பாருங்கள். கோர் எண்ணிக்கையைச் சரி செய்யுங்கள். பிறகு முன்னுரிமையை ஒரு படி இறக்குங்கள். அடுத்த முறை வாசலில் டெம்போ நிற்கும்போது இ-வே பில் பக்கம் முதலில் திறக்கும். டிசைன் தன் பாட்டுக்குப் பின்னால் ஓடிக் கொண்டிருக்கும்.